சிந்திய ராக்கெட் எரிபொருளை முறித்த பிறகு அங்கே மிஞ்சுவது என்ன?

#1 மலர்_வேதியியல் (திங்கள், இரவு 9.14)

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செமினாருக்கு ராக்கெட் எரிபொருள்களின் நச்சுத்தன்மையைத் தலைப்பாக எடுத்திருக்கிறேன்.

ஹைட்ரசீன் வகை எரிபொருள் தரையில் சிந்தினால், முதலில் தண்ணீர் விட்டு நீர்க்க வைத்து, பிறகு ஹைப்போகுளோரைட் கரைசலை ஊற்றி அதன் நஞ்சை முறிக்க வேண்டும் என்று பல பாதுகாப்புக் குறிப்புகளில் பார்த்தேன். நம் பிளீச்சிங் பவுடர் கரைசல்தான் அது. எல்லாக் குறிப்பும் அந்த வரியோடு நின்றுவிடுகிறது. ஊற்றிய பிறகு அந்தக் குட்டையில் என்ன கிடக்கும்? அதை அப்படியே கழுவி வாய்க்காலில் விடலாமா? என் கைடிடம் கேட்டேன். "இதைத்தான் செமினாரில் பேசணும், தேடிப் பார்" என்று அனுப்பிவிட்டார். இந்தத் துறையில் இருப்பவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

#2 சிவகாசி_ரவி (திங்கள், இரவு 9.40)

இதில் குழப்பமே இல்லை தங்கச்சி. ஹைட்ரசீனில் இருப்பது நைட்ரஜனும் ஹைட்ரஜனும் மட்டும்தான். ஹைப்போகுளோரைட் சேர்ந்தால் நைட்ரஜன் வாயுவாகப் போய்விடும், மிச்சம் தண்ணீரும் உப்பும். சமன்பாடு எழுதிப் பார்த்தாலே தெரியும். தாராளமாகக் கழுவி விடலாம்.

#3 நித்யா_பகுப்பாய்வு (திங்கள், இரவு 10.25)

ரவி, நீங்கள் சொன்னது வெறும் ஹைட்ரசீனுக்கு ஏறக்குறையச் சரி. ஆனால் ராக்கெட்டில் நிரப்புவது பெரும்பாலும் வெறும் ஹைட்ரசீன் இல்லை. அங்கேதான் சிக்கலே ஆரம்பிக்கிறது. நான் பதினாறு வருஷமாகத் தண்ணீர், மண் பகுப்பாய்வில் இருக்கிறேன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன் மலர்.

மூன்று எரிபொருளைத் தனித்தனியாகப் பாருங்கள். வெறும் ஹைட்ரசீன் செயற்கைக்கோள்களின் சிறு உந்திகளில் பயன்படுவது. மோனோமெத்தில் ஹைட்ரசீன் (எம்எம்எச்) விண்கலங்களில் அதிகம் பயன்படுகிறது. மூன்றாவது, சமச்சீரற்ற டைமெத்தில் ஹைட்ரசீன். சுருக்கமாக யூடிஎம்எச், ரஷ்யர்கள் வாயில் 'ஹெப்டைல்'. இதன் ஒரு நைட்ரஜனில் இரண்டு மெத்தில் தொகுதிகள் தொங்குகின்றன, இன்னொரு நைட்ரஜனில் இரண்டு ஹைட்ரஜன்.

இப்போது ஹைப்போகுளோரைட் ஊற்றுங்கள். வெறும் ஹைட்ரசீன் என்றால் நைட்ரஜனாகப் பறந்துவிடும். எம்எம்எச் என்றால் நைட்ரஜனோடு மெத்தனால், குளோரோமீத்தேன் எல்லாம் வரும். யூடிஎம்எச்-இல் கார்பன் பக்கம் அப்படியே நிற்க, ஹைட்ரஜன் இருந்த நைட்ரஜனில் ஆக்சிஜன் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு ஹைட்ரஜன் போய், ஓர் ஆக்சிஜன் வந்தால் அதன் பெயர் நைட்ரோசோ டைமெத்தில் அமீன், அதாவது என்டிஎம்ஏ.

இந்தப் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அசிடிட்டிக்கு எல்லோரும் போட்டுக்கொண்டிருந்த ரானிடிடின் மாத்திரையை 2020 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சந்தையிலிருந்து மொத்தமாக எடுக்கச் சொன்னதே, அது இந்தச் சேர்மத்தால்தான். 2018-ல் வல்சார்டன் ரத்த அழுத்த மாத்திரைகள் திரும்பப் பெறப்பட்டதும் இதனால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு யூடிஎம்எச்-ஐ 2பி பிரிவில் வைத்திருக்கிறது, என்டிஎம்ஏ-வை 2ஏ பிரிவில். 2ஏ என்றால் புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்கான ஆதாரம் இன்னும் வலுவானது என்று பொருள். முறிக்கப் போய், மூலப்பொருளைவிட ஒரு படி மோசமானதைக் கையில் வாங்கிக்கொள்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பழைய முறையில் யூடிஎம்எச் தயாரித்தது எப்படித் தெரியுமா? டைமெத்தில் அமீனிலிருந்து என்டிஎம்ஏ செய்து, அதை ஒடுக்கி (ஆக்சிஜனை நீக்கி, ஹைட்ரஜனைச் சேர்த்து) யூடிஎம்எச் எடுத்தார்கள். ஆக்சிஜனேற்றம் அதைப் பிறந்த வீட்டுக்கே திருப்பி அனுப்புகிறது. வேதியியல் படிப்பவருக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. குறிப்பு எழுதுபவர்கள்தான் அந்தக் கடைசி வரியைச் சேர்ப்பதில்லை.

#4 சிவகாசி_ரவி (திங்கள், இரவு 10.41)

ஒப்புக்கொள்கிறேன் மேடம், நான் ஹைட்ரசீனை மட்டும் மனதில் வைத்துப் பேசிவிட்டேன். ஒரு சந்தேகம். ஹைப்போகுளோரைட்டுக்குப் பதில் பொட்டாசியம் பெர்மாங்கனேட், ஓசோன், ஹைட்ரஜன் பெராக்சைடு என்று வேறு ஏதாவது போட்டால்?

#5 நித்யா_பகுப்பாய்வு (திங்கள், இரவு 11.02)

எல்லாமே ஆக்சிஜனேற்றிகள்தான் ரவி. கதவு மாறினாலும் போய்ச் சேரும் அறை ஒன்றுதான். ஓசோன் இருப்பதிலேயே மோசம், யூடிஎம்எச்-இன் பெரும்பகுதியை என்டிஎம்ஏ-வாக மாற்றிவிடக்கூடியது. பெர்மாங்கனேட்டும் தரும். இரும்பு உப்போடு பெராக்சைடு சேர்க்கும் ஃபென்டன் முறை கொஞ்சம் ஆழமாக உடைக்கும். ஆனால் அளவு, அமிலத்தன்மை, நேரம் மூன்றும் சரியாக அமைய வேண்டும், பாதியில் நின்றால் அங்கேயும் அதுதான். அவ்வளவு ஏன், திறந்த காற்றில் விட்டாலே யூடிஎம்எச் மெதுவாக என்டிஎம்ஏ-வும் ஃபார்மால்டிஹைடு டைமெத்தில் ஹைட்ரசோனும் ஆகத் தொடங்கிவிடும். பழைய யூடிஎம்எச் மஞ்சளாக நிறம் மாறியிருக்கும், பார்த்தவர்களுக்குத் தெரியும்.

#6 பாய்லர்_முருகேசன் (செவ்வாய், காலை 6.20)

நான் ராக்கெட் ஆள் இல்லை. முப்பது வருஷம் பாய்லர் ஓட்டி ரிடையர் ஆனவன். ஆனா ஹைட்ரசீனைக் கையால தொட்டவன், அதனால எழுதுறேன். பாய்லர் ஃபீட் வாட்டர்ல ஆக்சிஜன் இருந்தா குழாய் அரிச்சுடும். அதை எடுக்க ஹைட்ரசீன் ஹைட்ரேட்டை, அதாவது தண்ணியோட சேர்ந்த ஹைட்ரசீனை, சொட்டுச் சொட்டா டோசிங் பண்ணுவோம்.

ஆலை பேரு வேண்டாம். ஒரு நாள் காலை ஷிஃப்ட்ல டோசிங் ரூம்ல கேன் கவுந்துடுச்சு. எண்பது சதவீத சரக்கு, ஏழெட்டு லிட்டர் இருக்கும், சிமெண்ட் தரையில ஓடி, டிரேல இருந்த துருவுல போய் நின்னுச்சு. அப்போ இருந்த சூப்பர்வைசர் "பிளீச்சிங் பவுடரை அள்ளிப் போடு"ன்னாரு. தண்ணி விடச் சொல்லலை. ஹெல்ப்பர் பையன் மூட்டையைப் பிரிச்சு ரெண்டு கை நிறைய அள்ளி வீசினான். தோசைக்கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரி "சுர்"ருன்னு ஒரு சத்தம். வெள்ளையா ஆவி முகத்துக்கு வந்துச்சு, கண்ணைத் திறக்க முடியலை, தொண்டை அடைச்சுடுச்சு. பையனோட முழங்கை வரைக்கும் சிவந்து போச்சு. நான் ஓடிப் போய் ஹோஸைத் திறந்து தண்ணியை அடிச்சப்புறம்தான் அடங்குச்சு.

அதோட முடியலை. துடைச்ச கந்தல் துணியை ஒரு டிரம்முல போட்டு மூடி வெச்சிருந்தோம். சாயங்காலம் அந்த டிரம்முல இருந்து புகை. யாரும் தீக்குச்சி உரசலை. இது ஏன்னு இத்தனை வருஷமா எனக்கு யாரும் சொல்லலை. நித்யா அம்மா சொல்ல முடியுமா?

#7 நித்யா_பகுப்பாய்வு (செவ்வாய், காலை 8.05)

முருகேசன் ஐயா, இதை எழுதியதற்கு நன்றி. மலர், இதைச் செமினாரில் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்துப் பக்கக் குறிப்பைவிட இது மேல்.

ஐயா, மூன்று விஷயங்கள் நடந்திருக்கின்றன. ஒன்று, நீர்க்காத ஹைட்ரசீனும் உலர்ந்த பிளீச்சிங் பவுடரும் நேருக்கு நேர் சந்தித்தால் அந்த வினை விடும் வெப்பத்தை உறிஞ்சத் தண்ணீர் இல்லை. இன்னும் அடர்த்தியான சரக்காக இருந்திருந்தால் அங்கேயே தீப்பிடித்திருக்கும். குறிப்புகளில் "முதலில் தண்ணீர்" என்று இருப்பது சடங்குக்காக இல்லை. இரண்டு, உங்கள் முகத்துக்கு வந்தது ஹைட்ரசீன் ஆவியும், குளோரின் சேர்ந்த அமீன்களும் கலந்ததாகத்தான் இருக்க வேண்டும், தொண்டையை அடைப்பது அவற்றின் குணம். மூன்று, கந்தல் துணி. துணியில் ஊறிய ஹைட்ரசீன் மிகப் பெரிய பரப்பில் காற்றோடு சேர்கிறது. துரு அதற்கு வினையூக்கி. மூடிய டிரம்முக்குள் வெப்பம் வெளியேற வழி இல்லை. தானே சூடாகித் தானே புகையும். சிந்தியதைத் துடைத்த துணியைத் தண்ணீரில் மூழ்க வைத்துத்தான் ஒதுக்க வேண்டும்.

பையனின் கை அப்புறம் சரியாகிவிட்டதா?

#8 பாய்லர்_முருகேசன் (செவ்வாய், காலை 8.30)

தோல் உரிஞ்சு ஆறிடுச்சும்மா. இருபது வருஷம் கழிச்சு ஒரு கேள்விக்குப் பதில் கிடைச்சிருக்கு. ரொம்ப நன்றி.

#9 அன்வர்_விண்ணோக்கி (செவ்வாய், மதியம் 1.15)

யூடிஎம்எச் பேச்சு வந்ததால் கசகஸ்தானைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. பல வருஷமாக அங்கிருக்கும் பைக்கனூர் ஏவுதளத்தின் ஏவுதல்களைப் பின்தொடர்கிறேன்.

2013 ஜூலை 2 அன்று ரஷ்யாவின் புரோட்டான்-எம் ராக்கெட் மூன்று குளோனாஸ் வழிகாட்டு செயற்கைக்கோள்களோடு கிளம்பியது. மேலே எழும்போதே பக்கவாட்டில் ஆடத் தொடங்கி, அரை நிமிடத்தில் தலைகீழாகத் திரும்பி, ஏவுதளத்துக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளித் தரையில் மோதியது. கோண வேக உணரிகளைத் தலைகீழாகப் பொருத்தியிருந்தார்கள். ராக்கெட்டில் இருந்தது சுமார் 600 டன் ஹெப்டைலும், அதை எரிக்கும் ஆக்சிஜனேற்றியான நைட்ரஜன் டெட்ராக்சைடும். அதில் பெரும்பகுதி எரிந்துவிட்டது, எரியாதது புல்வெளி மண்ணில் இறங்கியது. அதற்கு முன்பே 2007 செப்டம்பரில், ஜப்பானிய செயற்கைக்கோளோடு போன இன்னொரு புரோட்டான் ஜெஸ்கஸ்கன் நகரத்துக்கு அருகே விழுந்திருக்கிறது.

விபத்துகளைத்தான் தொலைக்காட்சி காட்டும். என்னைத் தொந்தரவு செய்வது வேறு. எந்தக் கோளாறும் இல்லாமல் போன ஏவுதலிலும் முதல் அடுக்கு கழன்று நடு கசகஸ்தான் புல்வெளியில்தான் விழுகிறது. தொட்டியின் அடியில் எரிந்து தீராத ஹெப்டைலோடு. புரோட்டான் முதலில் பறந்தது 1965-ல். அன்றிலிருந்து எத்தனை அடுக்குகள் அந்த மண்ணில் விழுந்திருக்கும்!

விழுந்த இடத்தில் மண்ணை எரிப்பதும், பெராக்சைடும் இரும்பும் கலந்த கரைசலைத் தெளிப்பதும் வழக்கம். பிறகு யூடிஎம்எச் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். இல்லை என்று வந்தால் இடம் சுத்தம். அல்மாட்டியில் உள்ள அல்-ஃபராபி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதோடு நிற்கவில்லை. யூடிஎம்எச் என்னவாக மாறியிருக்கிறது என்று தேடினார்கள். பழைய வீழ்விடங்களின் மண்ணில் மெத்தில் ட்ரையசோல் என்ற வளையச் சேர்மம் கிடைத்தது, அதுவும் மற்ற எல்லாவற்றையும்விட அதிக அளவில். கூடவே என்டிஎம்ஏ, டைமெத்தில் ஃபார்மமைடு, பெயரே நீளமான வேறு பல. பல வருஷம் கழித்தும், மேல் மண்ணோடு நிற்காமல் கீழேயும் இறங்கியிருந்தது. யூடிஎம்எச்-ஐ மட்டும் தேடியிருந்தால் இதில் ஒன்றும் கண்ணில் பட்டிருக்காது.

#10 சிவகாசி_ரவி (செவ்வாய், மதியம் 2.03)

அங்கேதானே 2015-ல் சைகா மான்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன? லட்சக்கணக்கில். இந்த ஹெப்டைல்தான் காரணம் என்று அப்போது படித்தேன்.

#11 அன்வர்_விண்ணோக்கி (செவ்வாய், மதியம் 2.50)

இல்லை ரவி. அப்போது அங்கிருந்த மக்கள் பலர் அப்படித்தான் நம்பினார்கள், அவர்கள் பயம் நியாயமானது. ஆனால் இறந்த மான்களைப் பரிசோதித்ததில் காரணம் பாஸ்டியுரெல்லா என்ற பாக்டீரியா. மானின் தொண்டையில் சாதாரணமாக இருப்பதுதான். அந்த வருஷத்து வழக்கத்துக்கு மாறான வெப்பமும் ஈரப்பதமும் அதை ரத்தத்துக்குள் கொண்டுபோய்விட்டன. இரண்டு லட்சத்துக்கும் மேல் சில வாரங்களில் போயின.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஹெப்டைல் செய்யாத கொலையை அதன் மேல் போட்டால், அது உண்மையில் மண்ணில் விட்டுப்போவதைப் பற்றிப் பேசும்போது யாரும் நம்ப மாட்டார்கள்.

#12 மலர்_வேதியியல் (செவ்வாய், மாலை 6.35)

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவே இல்லை. எல்லோருக்கும் நன்றி. அன்வர் அண்ணா, நித்யா அக்கா, இன்னொரு கேள்வி. எரிபொருள் பக்கம் புரிந்தது. ஆக்சிஜனேற்றியான நைட்ரஜன் டெட்ராக்சைடு சிந்தினால்? அது காரத்தைப் போட்டால் முடிந்துவிடும் அமிலம்தானே?

#13 நித்யா_பகுப்பாய்வு (செவ்வாய், இரவு 9.20)

அமிலம் மாதிரிதான், ஆனால் இரட்டைத் தலை உள்ள அமிலம். அது 21 டிகிரியில் கொதிக்கும். நம் ஊர் வெயிலில் சிந்திய மாத்திரத்தில் செம்பழுப்புப் புகையாக எழும். கொஞ்சமாகத் தண்ணீர் விட்டால் இன்னும் மோசம், வினைச் சூட்டில் கொதித்துப் புகை அதிகமாகும். விட்டால் ஒரேயடியாக நிறையத் தண்ணீர் விட வேண்டும். 1978 ஆகஸ்டில் அமெரிக்காவின் கான்சஸில் டைட்டன் ஏவுகணைக் கிடங்கில் இது கசிந்து இரண்டு விமானப்படை வீரர்கள் இறந்திருக்கிறார்கள்.

தண்ணீரில் கரைந்தால் நைட்ரிக் அமிலமும் நைட்ரஸ் அமிலமும் கிடைக்கும். சோடா சாம்பலோ காஸ்டிக் சோடாவோ போட்டால் நைட்ரேட்டும் நைட்ரைட்டும். இந்த நைட்ரைட்டைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். யூடிஎம்எச் முறிந்த கழிவில் டைமெத்தில் அமீன் இருக்கும். நைட்ரைட்டும் டைமெத்தில் அமீனும் அமிலத் தண்ணீரில் சேர்ந்தால் மறுபடி என்டிஎம்ஏ. வல்சார்டன் மாத்திரையில் நடந்ததும் இதுதான். கரைப்பான் உடைந்து வந்த டைமெத்தில் அமீன், அதே கலத்தில் சேர்த்த சோடியம் நைட்ரைட். ஆக, எரிபொருள் கழிவும் ஆக்சிஜனேற்றிக் கழிவும், இரண்டும் தனித்தனியாக முறிக்கப்பட்டிருந்தாலும், ஒரே வாய்க்காலில் சேரவே கூடாது. நான் ஒரு இடத்தில் தொட்டி வரைபடம் பார்க்கப் போயிருந்தபோது இரண்டு குழாய்களும் ஒரே குழிக்குப் போவதைப் பார்த்தேன். வரைந்தவருக்கு இரண்டுமே 'முறித்த நீர்', அவ்வளவுதான். சிவப்பு பேனாவால் அந்தக் கோட்டை அடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

இதிலேயே மனதுக்கு இதமான ஒன்றும் உண்டு. கென்னடி விண்வெளி மையத்தில் ஆக்சிஜனேற்றி ஆவியைக் காஸ்டிக் சோடாவில் பிடித்து, அந்தக் கழிவை என்ன செய்வது என்று தவித்தார்கள். பிறகு சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கூடவே ஹைட்ரஜன் பெராக்சைடு என்று மாற்றினார்கள். பெராக்சைடு நைட்ரைட்டை எல்லாம் நைட்ரேட்டாக்கிவிடும். கிடைத்தது பொட்டாசியம் நைட்ரேட், அதாவது உரம். அங்கிருந்த ஆரஞ்சுத் தோப்புகளுக்கு உகந்தது. விளைபொருள் என்னவென்று முதலில் யோசித்துவிட்டு முறிப்பானைத் தேர்ந்தெடுத்தால் இப்படியும் முடியும்.

#14 பணகுடி_செல்வம் (செவ்வாய், இரவு 10.48)

வணக்கம். இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு வருகிறேன். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் மகேந்திரகிரி மலை தெரியும். இஸ்ரோவின் எஞ்சின் சோதனைக்கூடம் அங்கே இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், எங்களுக்கு அது பெருமையும்கூட. அங்கே பயன்படுவதும் இந்த யூடிஎம்எச்தானா? எனக்குக் கிணற்றுப் பாசனம். பயமுறுத்தாமல் நேராகச் சொல்லுங்கள்.

#15 அன்வர்_விண்ணோக்கி (செவ்வாய், இரவு 11.30)

நேராகவே சொல்கிறேன் அண்ணாச்சி. பிஎஸ்எல்வியின் இரண்டாம் அடுக்கிலும் எல்விஎம்-3 ராக்கெட்டின் திரவ அடுக்கிலும் இருப்பது விகாஸ் எஞ்சின். அதன் எரிபொருள் யூஎச்-25. அதாவது 75 சதவீதம் யூடிஎம்எச், 25 சதவீதம் ஹைட்ரசீன் ஹைட்ரேட். விகாஸ் எஞ்சின்களை மகேந்திரகிரியில்தான் சோதிக்கிறார்கள். எஞ்சின் ஓடும்போது இது பெரும்பாலும் நைட்ரஜன், நீராவி, கார்பன் ஆக்சைடுகளாக எரிந்துவிடும். கவனம் தேவைப்படுவது நிரப்பும்போதும், வடிக்கும்போதும், குழாய் கழுவும்போதும். அதற்கென்றே உலகம் முழுக்க ஆவி பிடிக்கும் கோபுரங்களும் கழிவுத் தொட்டிகளும் வைத்திருப்பார்கள். இந்த இழையில் சொன்னதை வைத்து அங்கே கசிந்தது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படி ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை.

எல்விஎம்-3-இன் அந்தத் திரவ அடுக்குக்குப் பதிலாக மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரிக்கும் செமிகிரையோ அடுக்கைக் கொண்டுவரும் வேலை நடக்கிறது. அதற்கான எஞ்சின் சோதனைகளும் மகேந்திரகிரியில்தான். அது வந்தால் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

#16 பணகுடி_செல்வம் (புதன், காலை 7.10)

நன்றி தம்பி. ஒரு கேள்வி மட்டும். என் மன நிம்மதிக்குக் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்தால், அந்த என்டிஎம்ஏ ரிப்போர்ட்டில் வருமா?

#17 நித்யா_பகுப்பாய்வு (புதன், காலை 9.45)

அண்ணாச்சி, சாதாரணமாகக் கொடுக்கும் சோதனையில் வராது. அதில் உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட், புளோரைடு என்றுதான் இருக்கும். என்டிஎம்ஏ என்று தனியாகக் கேட்க வேண்டும். அதைச் செய்யும் ஆய்வகங்களும் குறைவு. ஏன் என்று சொல்கிறேன்.

குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 100 நானோகிராம். கலிபோர்னியாவில் 10 நானோகிராமைத் தாண்டினாலே உள்ளூர் நிர்வாகத்துக்கு அறிவிக்க வேண்டும். 10 நானோகிராம் என்றால் எவ்வளவு? ஒரே ஒரு கிராமைப் பத்துக் கோடி லிட்டரில் கரைத்தால் வரும் அளவு. 25 ஏக்கர் குளம், இடுப்பளவு தண்ணீர், அதில் ஒரு சிட்டிகை. இதை எடுத்துக்காட்ட அரை லிட்டர் தண்ணீரை இரண்டு கிராம் கரி அடைத்த சிறு குழல் வழியாக மெதுவாக இறக்குவோம். கரி அதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு கரைப்பான் விட்டுக் கழுவி இறக்கி, கருவியில் கொடுப்போம். அந்தக் கரி எதிலிருந்து எடுத்தது தெரியுமா? தேங்காய்ச் சிரட்டை. அமெரிக்கச் சோதனை முறையிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது.

பொதுவாகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன். என்டிஎம்ஏ தண்ணீரில் முழுக்கக் கலக்கும், மண் அதைப் பிடித்து வைக்காது, கொதிக்க வைத்தாலும் லேசில் போகாது. நிலத்தடி நீரில் இறங்கினால் நீரோடு நடந்து போகும். கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ அருகே ராக்கெட் எஞ்சின் தொழிற்சாலையைச் சுற்றியிருந்த குடிநீர்க் கிணறுகளில் 1998-ல் அதைக் கண்டுபிடித்தார்கள். அங்கே திரவ எரிபொருள் வேலை மும்முரமாக நடந்தது அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன். நீரை மேலே இறைத்து, புறஊதா ஒளியில் காட்டித்தான் உடைக்கிறார்கள். புறஊதா ஒளி நைட்ரஜன்-நைட்ரஜன் பிணைப்பை நேராக வெட்டும். நிலத்துக்கு அடியில் அந்த வெளிச்சம் போகாது என்பதுதான் துயரம்.

அமெரிக்காவின் டென்வர் அருகே ராக்கி மவுன்டன் ஆர்சனல் என்ற ராணுவ வளாகத்தில் ஹைட்ரசீனும் யூடிஎம்எச்சும் பாதிக்குப் பாதி கலக்கும் நிலையம் இருந்தது. அதை 1982-ல் மூடியதற்குக் காரணம் காற்றில் என்டிஎம்ஏ இருந்தது. பெரிய விபத்து எதுவும் நடந்து மூடவில்லை, தினசரி வேலையில் வந்தது.

#18 மலர்_வேதியியல் (புதன், மாலை 5.50)

அக்கா, அப்படியானால் ஆக்சிஜனேற்றம் வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். வேறு வழி என்ன?

#19 நித்யா_பகுப்பாய்வு (புதன், இரவு 8.30)

எதிர்த்திசையில் போவது ஒன்று. ஒடுக்கம். 1983-ல் அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வு நிறுவன வேதியியலாளர்கள் காட்டிய முறை: காரக் கரைசலில் நிக்கல்-அலுமினியக் கலவைத் தூளைச் சேர்த்தால், அங்கே உருவாகும் ஹைட்ரஜன் இரண்டு நைட்ரஜனுக்கும் நடுவிலுள்ள பிணைப்பை உடைக்கும். யூடிஎம்எச் டைமெத்தில் அமீனும் அம்மோனியாவும் ஆகும். என்டிஎம்ஏ உருவாக வழியே இல்லை, ஏற்கெனவே இருக்கும் என்டிஎம்ஏ-வும் உடையும். ஆனால் ஹைட்ரஜன் வாயு வரும், வேலை முடிந்த நிக்கல் காய்ந்தால் தீப்பிடிக்கும். ஆய்வகப் பாட்டிலுக்குச் சரி, புல்வெளிக்குச் சரிப்படாது. கிடைக்கும் டைமெத்தில் அமீனும் நைட்ரைட்டைப் பார்க்காமல் இருக்க வேண்டும், அதை முன்பே சொன்னேன்.

சிட்ரிக் அமிலம் இன்னொன்று. எலுமிச்சையில் இருப்பதுதான், ஏவுதளங்களில் எரிபொருள் ஆவியைப் பிடிக்கப் பயன்படுகிறது. இது உப்பாக்கிக் கட்டிப்போடுகிறது, அழிப்பதில்லை. காரம் பட்டால் ஹைட்ரசீன் மறுபடி எழுந்து வரும். அந்தக் கரைசலையும் அபாயக் கழிவாகத்தான் அனுப்ப வேண்டும். நாசாவில் ஆராய்ந்த ஆல்ஃபா-கீட்டோகுளுட்டாரிக் அமிலம் எனக்குப் பிடித்தது. நம் உடல் செல்களிலேயே ஓடும் பொருள் அது. ஹைட்ரசீனையும் எம்எம்எச்-ஐயும் வாங்கி ஆறு அணு வளையமாக மூடிக்கொள்ளும், எளிதில் திரும்பி வராது. யூடிஎம்எச்-ஆல் அப்படி வளையம் மூட முடியாது. ஏன் என்று நீங்களே அமைப்பை வரைந்து பாருங்கள், இரண்டு மெத்தில்களும் எங்கே நிற்கின்றன என்று.

கையுறை போட்டு இதையெல்லாம் கல்லூரியில் செய்து பார்க்கலாமா என்று கேட்டுவிடாதீர்கள். எம்எம்எச்-இன் வாசனை மூக்குக்குத் தெரிவதற்குள் அனுமதித்த அளவை நூறு மடங்குக்கு மேல் தாண்டியிருக்கும். தாளில் வரைந்தால் போதும்.

#20 மலர்_வேதியியல் (புதன், இரவு 10.12)

வரைந்துவிட்டேன் அக்கா. வளையம் மூட ஒவ்வொரு நைட்ரஜனுக்கும் ஒரு ஹைட்ரஜனாவது வேண்டும். யூடிஎம்எச்-இல் ஒரு பக்கம் ஹைட்ரஜனே இல்லை, இரண்டு மெத்தில்களும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. அதனால் ஹைட்ரசோனோடு நின்றுவிடும். அது தண்ணீரில் திரும்பவும் பிரியலாம். சரியா?

#21 நித்யா_பகுப்பாய்வு (புதன், இரவு 10.20)

சரி. அந்தப் படத்தையே முதல் ஸ்லைடாக வையுங்கள்.

#22 பாய்லர்_முருகேசன் (வியாழன், காலை 6.05)

நேத்து ராத்திரி அந்த ஹெல்ப்பர் பையனுக்கு போன் போட்டேன். இப்போ அவனுக்கே நாப்பது வயசு, சொந்தமா ஒரு பட்டறை வெச்சிருக்கான். அன்னைக்குத் தண்ணி அடிச்சுக் கழுவினோமே, அது எங்கடா போச்சுன்னு கேட்டேன். எனக்கு ஞாபகம் இல்லை. அவன் உடனே சொன்னான்: "பின்பக்கம் வேப்பமரத்தடி வாய்க்கால்ணே. மறுநாள் அதுல தவளை எல்லாம் செத்து மிதந்துச்சு, நான் உங்ககிட்ட சொன்னேன்." என்கிட்ட சொல்லியிருக்கான். நான் அதைக் காதுல வாங்கலை.

நித்யா அம்மா, அந்த வாய்க்கால் தண்ணில இப்போ வரைக்கும் ஏதாவது இருக்குமா? அதுக்குக் கீழ ரெண்டு வயல் இருக்கு.

#23 நித்யா_பகுப்பாய்வு (வியாழன், காலை 8.50)

இருக்காது ஐயா. உங்களிடம் சிந்தியது ஹைட்ரசீன் ஹைட்ரேட், அதில் மெத்தில் கிடையாது, என்டிஎம்ஏ-வாக மாற வழியில்லை. தண்ணீரிலும் மண்ணிலும் அது நாட்களிலேயே உடைந்துவிடும். தவளைகளைக் கொன்றது அன்று முறியாமல் ஓடிய ஹைட்ரசீனாகவோ, அதிகப்படியாகப் போட்ட பிளீச்சிங் பவுடரின் குளோரினாகவோ இருக்கும். இரண்டுமே மீன், தவளைகளுக்கு மிகக் குறைந்த அளவிலேயே நஞ்சு. குட்டையைத் தேக்கி வைத்து, சோதனைத் தாளில் இரண்டும் தீர்ந்ததா என்று பார்த்துவிட்டு விட்டிருக்க வேண்டும்.

கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறதா என்று மட்டும் அவரிடம் கேளுங்கள். ஹைட்ரசீன் பட்டவர்களுக்குத் தோல் ஒவ்வாமை வருஷக்கணக்கில் நிற்கும். பட்டறையில் சால்டரிங் ஃபிளக்ஸ் (பற்றவைக்கும்போது தடவும் பொருள்) தொடுபவராக இருந்தால், சில ஃபிளக்ஸில் ஹைட்ரசீன் உப்பு கலந்திருக்கும். டப்பாவின் லேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

#24 பாய்லர்_முருகேசன் (வியாழன், மதியம் 12.40)

கேட்டேன்மா. ஃபிளக்ஸ் தொட்டா கை அரிக்குது, பத்து வருஷமா அரிக்குதுன்றான். டப்பாவை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கேன். வந்ததும் இங்க எழுதுறேன்.